கொசுத்துணி

ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே, புண்ணில் வைத்துக் கட்டும் காஸ் துணிக்குத் தொழிலாளர் லயத்தில் வேறு பெயர் இருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. கொசுத்துணி. ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளும் டிரெஸர் ஐயா 'காஸ்' என்று சொன்னதை யாரோ 'கொசு' என்று காதில் வாங்கியிருக்கிறார்கள். பார்ப்பதற்கும் அது கொசுவலையைக் கிழித்தெடுத்தது போலத்தான் இருந்தது. "கொசுவுக்குக்கூட துணி தாராங்க, நமக்குத்தான் இல்ல" என்பாள் பக்கத்து வீட்டு அக்கா. நான் எல்லோரையும் திருத்துவேன். எங்கள் குடும்பத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். மருந்துப் புட்டிகளின் மேலிருந்த இங்கிலீஷை வாசிக்கத் தெரிந்ததால்தான் இந்த வேலை கிடைத்தது. அந்தப் பெருமை எனக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

சுருளிலிருந்து காஸை வெட்டி, நூல் பிரியாதபடி ஓரத்தை உள்ளே மடித்து, டப்பாவில் அடுக்கி ஆவியில் வைப்பது என் வேலை. புண்ணில் பட்டதை எரித்துவிடுவோம். மேல்கட்டாக இருந்தவற்றை மட்டும் துவைத்து, கொதிக்கவைத்துக் கொடியில் போடுவேன். கொடியிலிருந்து அவை ஒவ்வொன்றாகக் குறையும். பிறகு லயத்தில் கண்ணில் படும். ஒரு வீட்டில் காப்பி வடிகட்டுவார்கள், இன்னொரு வீட்டில் கைக்குழந்தையின் பீளையைத் துடைப்பார்கள். நான் கேட்டதில்லை.

அம்மா பால்மரம் வெட்டுபவள், பட்டையைச் சீவி ரப்பர்ப்பால் இறக்குபவள். மழைக்காலத் தொடக்கத்தில், பால் வடியும் மங்கை மரத்தில் மாட்டும் கம்பி அவள் முழங்காலுக்குக் கீழே கீறிவிட்டது. கீறல் புண்ணாயிற்று. புண் உள்ளங்கை அளவுக்கு வளர்ந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாத்தணும், தண்ணி படவே கூடாது" என்றார் டிரெஸர் ஐயா. "எலும்பு வரைக்கும் போச்சுன்னா ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிதான்."

ஈப்போ என்றதும் அம்மாவின் முகம் இறுகியது. எங்கள் லயத்திலிருந்து அங்கே போன ஒருவர் ஒற்றைக் காலோடு திரும்பி, பால் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து மங்கு கழுவிக்கொண்டிருந்தார். உயிர் பிழைத்து வந்தார் என்று நான் சொல்வேன். கால் போய் வந்தான் என்று லயம் சொல்லும்.

முதல் இரண்டு முறை கட்டு மாற்றினேன். அதன்பின் "நல்லாத்தான் இருக்கு, அவுக்காதே" என்று தட்டிக்கழித்தாள். வீட்டில் சேலையைக் கணுக்கால் வரை இறக்கிவிட்டிருந்தாள். வாடை வந்தது. புளித்த ரப்பர்ப்பாலின் வாடை என்று நினைத்தேன். எங்கள் வீட்டுத் துணிகளிலெல்லாம் அந்த வாடை உண்டு. ஒரு மாலை அவள் காலை நீட்டி உட்கார்ந்தபோது சேலை விலகியது. கட்டு பழுப்பேறிப் பளபளத்தது. தொட்டால் ரப்பர்.

"என்னம்மா இது?"

"பாலு. காயக் காய நாலஞ்சு தடவ பூசுனேன். ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போவல, பாரு."

"யாரு பூசச் சொன்னது?"

"தண்ணி படக் கூடாதுன்னு அவருதானே சொன்னாரு. விடியக்காலம் லாலான் புல்லுக்குள்ள நடந்தா இடுப்பு வரைக்கும் நனையுது. சப்பாத்து போட்டுக்கிட்டு சிமெண்டுத் தரையில நடக்குறவருக்கு என்ன தெரியும்?"

தண்ணீர் விஷயத்தில் அவள் சொல் மீறவில்லை. சொன்னதை எழுத்துக்கு எழுத்து செய்திருந்தாள்.

மறுநாள் டிரெஸர் ஐயா ஓடு போல் இறுகியிருந்த அந்த ரப்பரைக் கத்திரியால் பிளந்தார். உட்புறத்தில் காஸின் கட்டங்கள் அச்சாகப் பதிந்திருந்தன. காஸோ சதையோடு ஒட்டியிருந்தது. "நீயே எடு. ஒன் கைன்னா பொறுத்துக்குவாங்க" என்று நகர்ந்துகொண்டார். வெதுவெதுப்பான உப்புநீரைப் பஞ்சில் தோய்த்துப் பிழிந்து பிழிந்து, இழை இழையாக நனைத்தேன். இழுத்தால் சதையும் வந்துவிடும்.

அம்மா பெஞ்சை இறுகப் பிடித்திருந்தாள்.

"இதத்தான் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்களா?"

"இல்லம்மா."

"பின்ன எதுக்குடி அம்புட்டுப் படிப்பு?"

வலியில் வந்த கேலி அது. காஸின் கடைசி முனை வந்ததும் டிரெஸர் ஐயா குனிந்து பார்த்தார். அம்மா அவரைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தாள்.

"எலும்பு தெரியுதா?" என்றாள்.

நானும் குனிந்தேன். சீழைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன்.

"எலும்பு தெரியல, அம்மா."

"மயிரிழையில தப்புச்சு" என்றார் அவர். "ஆறுற வரைக்கும் மரத்துப் பக்கம் போகக் கூடாது."

அம்மா கண்களை மூடிக்கொண்டாள். திறந்ததும் தரையில் கிடந்த ரப்பர் ஓட்டைக் காட்டி, "அத எடு புள்ள, ஒட்டுப்பாலோட போட்டா எடை நிக்கும், நாலு காசு வரும்" என்றாள். எடுத்து அடுப்பில் போட்டேன். கரும்புகை வெகுநேரம் அடங்கவில்லை.

அந்த மழைக்காலம் முழுக்க, காலையும் மாலையும் நானே கட்டினேன். சீழ் வற்றியது, ஈறு போலச் சிவந்த சதை எழும்பியது, ஓரத்திலிருந்து தோல் மூடி வந்தது. ஆனால் மூடிய தோல் இழுத்துக்கொண்டது. முழங்கால் முன்போல் மடங்கவில்லை. மேட்டு மர நிரைகளில் ஏறிப் பால் வெட்ட முடியாது என்று கங்காணி அவளைப் புல் வெட்டும் கூட்டத்தில் சேர்த்தார். அம்மா தன் பால் வெட்டும் உளியைத் துடைத்துக் கூரையிடுக்கில் செருகிவைத்தாள்.

புல் வெட்டப் போன முதல் நாள் காலை, ஆள்கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். கூட்டத்துப் பெண்கள் முன்னே போய்விட்டிருந்தார்கள்.

"புள்ள, கொசுத்துணி இருந்தா ஒண்ணு குடு."

"எதுக்கும்மா? காலு வலிக்குதா?"

"காப்பி வடிகட்டத்தான். எல்லாத்துக்கும் காலா?"

கொடியிலிருந்து நன்றாகக் காய்ந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். இடுப்பில் செருகிக்கொண்டாள். காலைச் சற்று இழுத்தபடி, மேட்டைத் திரும்பிப் பாராமல், பள்ளத்து நிரைகளின் பக்கம் போனாள்.