கோரிங்கா காட்டில் வேரைக் காணோம்

செகந்திராபாத்தில் ஏறியதிலிருந்து தூங்காமல் கத்திய இருபத்தெட்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு காலையில் காக்கிநாடாவில் இறங்கியபோது எனக்குத் தலை சுற்றியது. நான் அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்து இரண்டு மாதம்தான். ஸ்டேஷன் வாசலில் டீ பதினைந்து ரூபாய். இரண்டு குடித்தும் பிரயோஜனமில்லை.

அங்கிருந்து பஸ்ஸில் சுமார் இருபது கிலோமீட்டர், கோரிங்கா அலையாத்திக் காடு. மற்றவர்கள் சுற்றிப் பார்க்க வந்தார்கள். அல்வால் பக்கமிருந்து பள்ளிக்கு வரும் ஹரிணி மானத்தைக் காப்பாற்ற வந்திருந்தாள். இந்த மரங்களின் வேர் மண்ணைவிட்டு மேலே நிமிர்ந்து வரும் என்று அவள் போர்டில் படம் போட்டதிலிருந்து வகுப்பே அவளை ‘உல்டா’ என்றுதான் கூப்பிடுகிறது. பேர் வைத்தவன் ஃபர்ஹான், அப்பாவின் ஐடி வேலைக்காக வேலூரிலிருந்து வந்தவன். புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது என்று நான் சொல்லிப் பார்த்தேன். “நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா சார்?” என்றான். பார்த்ததில்லை.

ஒன்பது மணிக்கு மரப்பாலத்தில் நடந்தோம். இருபுறமும் மரங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றன. வேர் ஒன்றைக்கூடக் காணோம்.

“உல்டா, வேர் லீவுல போயிருக்கா?” என்றான் ஃபர்ஹான்.

“கீழ இருக்கும்டா.”

“கீழ இருந்தா அது சாதா வேர்.”

ஹரிணி என்னைப் பார்த்தாள். நான் போனைப் பார்த்தேன். சிக்னல் இல்லை.

இடம் மாறி வந்துவிட்டோமா என்றுகூடத் தோன்றியது. பிறகுதான் கவனித்தேன்: பாலத்தின் கால்களில், தண்ணீருக்கு மேலே ஒரு சாண் ஈரம். தண்ணீர் இறங்குகிறது! சீனியர் டீச்சர் சுனிதா மேடமும் நானும் ரயில் நேரத்தைப் பார்த்துப் பயணத்தைத் திட்டமிட்டோம். கடல் ஏறி இறங்கும் நேரத்தை யாரும் பார்க்கவில்லை. ஏரிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் ஊர்த் தண்ணீர் காலையில் விட்ட இடத்திலேயே மாலையிலும் கிடக்கும்.

“மேடம், இங்கயே வெயிட் பண்ணலாம்.”

“எவ்ளோ நேரம்?”

“தெரியல.”

“வேர் வருமா?”

“வரணும்.”

“அப்ப பீச் கட். பசங்க உங்களக் கடிச்சுத் தின்னுடுவாங்க,” என்று தெலுங்கில் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

மதியம் பீச்சுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தோம். பாதிப் பேர் கடலையே பார்த்ததில்லை. ஹரிணி என் சட்டையை இழுத்தாள். “நக்கோ சார், வேணாம். பீச்சுக்கே போலாம். எல்லாரும் என்னைத்தான் திட்டுவாங்க.”

“உனக்குப் பாக்கணுமா, வேணாமா?”

அவள் என் சட்டையை விட்டாள். “பாக்கணும்.”

உட்கார்ந்தோம். புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். வகுப்பு என்னோடு பேசுவதை நிறுத்தியது. வேர் வராவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

மதியத்துக்குள் சேறு தெரிந்தது. முதலில் ஒரு கருத்த நுனி. அப்புறம் பத்து. பிறகு ஒவ்வொரு மரத்தையும் சுற்றி நூற்றுக்கணக்கில், பென்சில் நட்டு வைத்த மாதிரி, எல்லாம் வானத்தைப் பார்த்து.

ஃபர்ஹான் கைப்பிடியில் தொங்கியபடி வெகுநேரம் பார்த்தான்.

“சரி ஹரிணி. எதுக்கு மேல வருது?”

“மூச்சு விட.”

“காலைல முழுகிக் கிடந்துச்சே, அப்ப எப்படி விட்டுச்சு?”

ஹரிணி என்னைப் பார்த்தாள். நான் சுனிதா மேடத்தைப் பார்த்தேன். மேடம் பஸ்ஸைப் பார்த்தார்.

திரும்பும் வழியில் பஸ்ஸே இரண்டு கட்சியாகிவிட்டது. தண்ணீர் இறங்கும்வரை வேர் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் என்றது ஹரிணி கட்சி. முடியவே முடியாது என்ற ஃபர்ஹான், நிரூபிக்கத் தன் மூக்கையே பொத்திக்கொண்டான். ஹரிணி எண்ணினாள். கடற்கரைக்குப் பிரியும் சாலையை பஸ் தாண்டியது. அவள் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தாள், வகுப்பே அவளோடு சேர்ந்து எண்ணியது.