அக்கரையின் நான்கு போல்ட்டுகள்

சிட்னியிலிருந்து தெற்கே ஆறு மணி நேரம் காரில் போனால் பனிமலை வரும். ஆஸ்திரேலியாவில் பனி பெய்யும் என்பதே தமிழ்நாட்டிலிருந்து இங்கே மேற்படிப்புக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அந்த மலையில் ஒரு பனிச்சறுக்கு மன்றம் இருக்கிறது. குளிர்காலத்தில் சறுக்கி விழுந்து காலை உடைத்துக்கொள்கிறவர்களை ஸ்லெட் என்ற சறுக்குப் பலகையில் கட்டி, பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியின் பின்னால் மாட்டி, கீழே இழுத்து வருவார்கள். அந்தப் பாதையில் ஓர் ஆறு குறுக்கிடுகிறது. அதன் மேலிருந்த பழைய மரப்பாலத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. புதுப் பாலத்தை மன்றத்து ஆட்களே வார இறுதிகளில் சம்பளம் இல்லாமல் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

சிவில் இன்ஜினியரிங் படித்த ஒருவர் வேண்டும், ஒவ்வொரு போல்ட்டையும் சரிபார்த்துத் தாளில் குறிக்க வேண்டும் என்று பல்கலைக்கழக அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தார்கள். பெயர் கொடுத்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என்னைப் பள்ளியில் சேர்த்த அன்று அப்பாவின் விரலில் மை தடவித்தான் பதிவேட்டில் வைத்தார்கள். ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் என் கையெழுத்து இருக்கும் என்றதும் வேறு எதையும் நான் யோசிக்கவில்லை. ஆறு என்ற சொல்லைக்கூட அந்த அறிவிப்பில் நான் சரியாகக் கவனிக்கவில்லை. எனக்கு நீச்சல் தெரியாது.

சிட்னியில் லிட்கம் பகுதியில் தங்கியிருந்த என்னைக் காரில் கூட்டிப்போனவர் வென்ட்வேர்த்வில்லில் இருக்கும் ஓர் அண்ணா. யாழ்ப்பாணத்துக்காரர். வெஸ்ட்மீட் பக்கம் ஃபிட்டர் வேலை பார்க்கிறார். பத்து வருடமாகப் பனிச்சறுக்குப் பைத்தியம். அதற்கு முன் எனக்கு இலங்கைத் தமிழர் யாரோடும் பத்து வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசிப் பழக்கமில்லை. அவர் சொன்னதில் பாதியை ஊகித்துத்தான் பதில் சொன்னேன்.

“தம்பி, பின்னால அலவாங்கு கிடக்கு, காலில விழுந்திடும், கவனம்” என்றார்.

ஏதோ மீன் என்று நினைத்துக் காலைத் தூக்கி சீட்டில் வைத்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் கடப்பாரை.

“இதைக் கடப்பாரைன்னு சொல்லுங்கண்ணா!”

“கடப்பாரையோ? அது உங்கட ஆக்கள் முறுக்குக்குச் சொல்லுற பேரெண்டெல்லோ நினைச்சனான்.”

மலையடிவாரத்துக் கூமா ஊர் வரும்வரை இருவரும் சிரித்தோம்.

பாலத்தின் அமைப்பு சிக்கலானதல்ல. இரண்டு இரும்பு உத்திரங்கள் இக்கரையிலிருந்து அக்கரைக்கு. ஒவ்வொரு கரையிலும் ஒரு கான்கிரீட் கட்டை. உத்திரத்தின் நுனித் தகடுகளைக் கட்டையோடு பிணைக்கக் கரைக்கு நான்கு போல்ட்டுகள். நடு ஆற்றுக்கு மேலே இரண்டு உத்திரங்களையும் சேர்த்துப் பிடிக்க ஒரு குறுக்குச் சட்டம், அதற்கு இரண்டு நட்டுகள். இவற்றின் மேல் பலகை வரும். வேலையை நடத்தியவர் அறுபது வயதிருக்கும் ஒரு பெண்மணி, ஆட்டுப்பண்ணை வைத்திருந்தவர். என்னிடம் தாளையும் மஞ்சள் பெயின்ட் பேனாவையும் கொடுத்து ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். “முறுக்கிப் பார். இறுகியிருந்தால் போல்ட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே ஒரு கோடு இழு. பிறகு டிக். இந்த வரிசை மாறக் கூடாது.”

அந்த ஞாயிறு மதியம் இக்கரைப் போல்ட்டுகள் நான்கையும் முறுக்கிப் பார்த்துக் கோடிழுத்தேன். அண்ணா அக்கரையில் மாட்டிக்கொண்டிருந்தார். பலகை இன்னும் போடவில்லை. அக்கரைக்குப் போக வேண்டுமென்றால் ஒன்றரை சாண் அகல இரும்பின் மேல் நடக்க வேண்டும். இடுப்பில் கட்டக் கயிறு இருந்தது, தலைக்கு மேலே கம்பியும் இருந்தது. மற்றவர்கள் தோட்டத்து வரப்பில் போவதுபோலப் போய்வந்தார்கள். நான் ஒரு காலை வைத்தேன். கீழே தண்ணீர் பாறைகளை உருட்டும் சத்தம் இரும்பு வழியாக முழங்காலுக்கு ஏறியது. காலை எடுத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

ஆகவே கத்தினேன். “அண்ணா! அந்தக் கரை போல்ட் நாலும்?”

அவர் கையை உயர்த்தினார். “போட்டு வாறன்!”

போட்டுவிட்டாராம், வருகிறாராம். அந்த நொடியில் எனக்கு உடம்பெல்லாம் இளகியது. நான்கு கட்டங்களிலும் டிக் செய்தேன். நடுச் சட்டத்து நட்டுகளைக் கரையிலிருந்தே பார்த்தேன். இறுகியிருப்பதுபோலத்தான் தெரிந்தது. அந்த இரண்டு கட்டங்களிலும் டிக். கீழே கையெழுத்துப் போட்டேன்.

சற்று நேரத்தில் ஆலங்கட்டி கொட்டியது. பெண்மணி விசில் ஊதி எல்லாரையும் கிளப்பினார். அண்ணா அக்கரைச் சரிவில் இருந்த குடிசைப் பக்கமிருந்து ஓடிவந்து உத்திரத்தைத் தாண்டினார். காரில் ஏறியதும் குளிரில் நடுங்கியபடி இருந்தவர், ஹீட்டர் சூடானதும் ஸ்டியரிங்கை என்னிடம் கொடுத்துவிட்டுத் தூங்கிவிட்டார். அடுத்த வாரம் வேறு ஆட்கள் போய்ப் பலகை அடித்தார்கள்.

ஏழெட்டு வாரம் போயிற்று. மலையில் பனி விழுந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை காலை வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடையில் நானும் அண்ணாவும் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மகளைத் தமிழ் வகுப்பில் விட வேண்டுமென்று அவர் மனைவி போன் செய்தார். அண்ணா எழுந்து கை கழுவிவிட்டு வந்தார்.

“சரி தம்பி, நான் போட்டு வாறன்.”

“எதைண்ணா போட்டுட்டு?”

“என்னத்தைப் போடுறது?”

“இல்ல, போட்டு வாறன்னு சொன்னீங்களே.”

“ஓம். போட்டு வாறன். போயிட்டு வாறன் எண்டுறதுதான். நாங்கள் கெதியாச் சொல்லேக்க அப்பிடிச் சுருங்கிடும். நீங்கள் ‘வர்ட்டா’ எண்டு சொல்லுறேல்லையே?” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கரையில் கை உயர்த்தி நின்ற அவர் உருவம் கண்முன்னால் அப்படியே வந்து நின்றது.

“அண்ணா. அன்னிக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் நின்னு போட்டு வாறன்னீங்களே. போல்ட்டு கேட்டேனே.”

“ஓம். போல்ட்டு வாசர் ரெண்டு குறைஞ்சு போச்சு. குடிசையில எடுக்கப் போனனான். அதுக்குள்ள ஆலங்கட்டி.” சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். “ரெண்டைக் கையாலதான் முறுக்கி விட்டனான். மற்ற ரெண்டும் போடேல்லை. அடுத்த கிழமை போன ஆக்கள் உம்மட பேப்பரைப் பார்த்துப் போட்டிருப்பினம்தானே?”

“பேப்பர்ல நாலும் டிக் பண்ணிட்டேன்.”

அவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். “பார்க்காமலோ?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

“ஐயோ தம்பி.”

பெண்மணிக்குப் போன் போட்டோம். எடுக்கவில்லை. மன்றத்து விடுதிக்குப் போட்டோம். பதிவுக் குரல். பாலத்தில் யாரும் போக வேண்டாம் என்று சொல்லிவைத்தேன். எழுதியும் அனுப்பினேன். மகளை வகுப்பில் இறக்கிவிட்டு அப்படியே நெடுஞ்சாலையில் ஏறினோம். பின் சீட்டில் போல்ட்டுகள், வாஷர்கள், ஸ்பேனர்கள், அந்த அலவாங்கு.

வழியில் நான் போட்ட கணக்குகளெல்லாம் பயத்தின் கணக்குகள். வண்டி எவ்வளவு எடை, ஸ்லெட் எவ்வளவு, பனி பலகையில் எத்தனை அடி உயரம் நிற்கும், கட்டப்படாத தகடு ஒவ்வொரு அதிர்வுக்கும் எவ்வளவு நகரும். பரீட்சையில் இதையெல்லாம் எழுதி மார்க் வாங்கியவன்தான் நான். கட்டையின் விளிம்புக்கு ஒரு சாண் மிச்சம் இருந்ததா, அதற்கும் குறைவா என்று யோசித்து யோசித்து, கடைசியில் அந்தக் கட்டையை நான் கிட்டப்போய்ப் பார்த்ததே இல்லை என்பது உறைத்தது.

கூமா தாண்டும்போது பெண்மணி கூப்பிட்டார். சொன்னேன்.

“வண்டி ஓட்டுற பொண்ணு ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி அக்கரை போயிருக்கா. குடிசைக்கு விறகு கொண்டுபோனா. ரேடியோவில கூப்பிட்டாப் பதில் இல்லை. நான் ஆத்துக்குப் போறேன்” என்றார். லைன் அறுந்துவிட்டது.

சற்றுத் தூரம் போனதும், “தண்ணி குடியும்” என்றார் அண்ணா.

பனிக்காலணி மாட்டிக்கொண்டு கடைசிக் கிலோமீட்டரை நடந்தோம். ஆற்றுச் சத்தம் முதலில் வந்தது. பிறகு மரங்களுக்கு நடுவே பாலம். பாலம் நின்றுகொண்டிருந்தது. இக்கரையில் பெண்மணி இரு கைகளையும் விரித்தபடி, மந்தையை மறிப்பவரைப்போல நின்றிருந்தார். அக்கரையில் வண்டியை நிறுத்தி அதன் மேல் ஓர் இளம்பெண், இருபத்திரண்டு இருக்கும், ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

“நான் ஒரு நிமிஷம் பிந்தியிருந்தா ஏறியிருப்பா” என்றார் பெண்மணி. என்னைத் திட்டவில்லை. “ஆள் நடந்து போகலாம். ஒவ்வொருத்தரா. கயிற்றோட.”

அண்ணா அலவாங்கைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் போனார். அடுத்தது நான். வண்டித் தடத்தில் பனி விலகிய பலகைகளுக்கு இடையில் விரல் அகல இடைவெளி. அதன் வழியே கறுப்புத் தண்ணீர் ஓடுவது தெரிந்தது. பாதி வழியில் கால்கள் நின்றுவிட்டன.

“கீழ பாராதையும்!” என்றார் அண்ணா. “என்ர முகத்தைப் பாரும். வடிவாத்தானே இருக்கிறன்?”

அக்கரையில் மண்டியிட்டுப் பனியைத் தோண்டினோம். ஒரு பலகையைக் கழற்றினோம். இரண்டு போல்ட்டுகள் சாய்ந்து நின்றன. மற்ற இரண்டு துளைகளிலும் பனி அடைத்திருந்தது. தகடு கட்டைவிரல் அகலம் நகர்ந்து, கான்கிரீட்டில் வெள்ளையாகத் தேய்ந்த தடம் விழுந்திருந்தது.

“இந்த வாரம் எத்தனை தடவை போனீங்க?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

“எட்டு இருக்கும். வியாழக்கிழமை ஒருத்தரை ஸ்லெட்ல கொண்டுவந்தேன். முழங்கால் திரும்பிடுச்சு அவருக்கு.” அவள் ரொட்டியைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

அண்ணா அலவாங்கைத் தகட்டுக்கு அடியில் கொடுத்து நெம்பினார். நானும் அவளும் அதன் நுனியில் சேர்ந்து தொங்கினோம். நான்காவது நெம்பலில் துளைகள் நேராயின. போல்ட்டுகளை நான் மாட்டினேன், நானே முறுக்கினேன், கோடு இழுத்தேன். கை விறைத்ததில் கோடுகள் கோணலாக வந்தன.

அதற்குள் பெண்மணியும் பாலத்தைத் தாண்டி வந்துவிட்டார். சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையில் இருந்த அந்தத் தாளை எடுத்தார். அண்ணா முந்திக்கொண்டார். தமிழில் ஒரு சொல் இருக்கிறது, இவர்கள் நாட்டில் ஓர் அர்த்தம், எங்கள் பக்கம் வேறு அர்த்தம், பையன் மேல் பிழையில்லை, என்று ஆங்கிலத்தில் விளக்கினார். பெண்மணி கவனமாகக் கேட்டார். தாளை என்னிடம் நீட்டினார்.

“சரி. அது சொல்லால் வந்தது. இதில் வேறு எதைப் பார்க்காமல் டிக் பண்ணினாய்?”

அண்ணா கொடுத்த அந்தச் சொல்லுக்குப் பின்னால் நான் பத்திரமாக ஒளிந்துகொண்டிருக்கலாம். எல்லோரும் ஏற்றுக்கொண்டிருப்பார்கள். பல வருடத்துக்குச் சிரித்துச் சொல்ல ஒரு கதையாகவும் ஆகியிருக்கும். ஆனால் அந்தப் பெண் ஏற்கெனவே வண்டியின் சாவியைக் கையில் எடுத்திருந்தாள்.

“நடுவுல ரெண்டு நட்டு” என்றேன். “சொல்லால இல்லை. அன்னிக்கு நான் இந்தப் பக்கம் வந்திருக்கணும். பயம். தண்ணியப் பாத்து பயம். அதனாலதான் கத்திக் கேட்டேன். பதில் எதுவா இருந்தாலும் டிக் பண்ணியிருப்பேன்.” பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் வந்தது.

பெண்மணி அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, சாவியை வைக்கச் சொன்னார். பிறகு கயிற்றை எடுத்து என் இடுப்பில் அவரே கட்டினார்.

நடுப்பாலத்தில் குப்புறப் படுத்தேன். அண்ணா என் கணுக்கால்களைப் பிடித்துக்கொண்டார். தலையையும் தோளையும் விளிம்புக்கு வெளியே இறக்கி, கண்ணை மூடிக்கொண்டு கையால் தேடினேன். முதல் நட்டு கல்லாக இறுகியிருந்தது. இரண்டாவது, என் விரல் பட்டதும் சுழன்றது.

“லூஸ்!” என்று கத்தினேன்.

“ஓம், ஓம், கத்தாதையும். கண்ணைத் திறவும். திறந்தாத்தான் ஸ்பேனர் மாட்டலாம்.”

திறந்தேன். முகத்துக்கு நேரே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் முறுக்கினேன். கோடு இழுத்தேன். முதல் நட்டுக்கும் இழுத்தேன்.

மற்ற எல்லாவற்றையும் பெண்மணியும் நானும் மறுபடி பார்த்தோம். இரண்டு மணி நேரம் ஆயிற்று. வெளிச்சம் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. ஸ்லெட்டைக் கழற்றிவிட்டு வண்டியை மட்டும் கொண்டுபோகலாம் என்று அவர் முடிவு செய்தார். அந்தப் பெண் ஏறி உட்கார்ந்தாள். மற்ற இருவரும் இக்கரைக்கு நடந்து போய்விட்டார்கள். நான் அக்கரையிலேயே மண்டியிட்டேன்.

“ஓகேவா?” என்று கேட்டாள்.

நான்கையும் இன்னொரு முறை ஸ்பேனரால் அழுத்திப் பார்த்தேன். அவள் அவசரப்படுத்தவில்லை.

“ஓகே” என்றேன்.

இன்ஜின் உறுமியது. கழற்றிய பலகையின் சந்துக்குள் கையை விட்டு, தகட்டிலும் போல்ட்டிலும் சேர்த்து விரல்களை வைத்துக்கொண்டேன். வண்டி என் தோளை உரசாத குறையாகப் பாலத்தில் ஏறியது. இரும்பு முழுவதும் அதிர்ந்தது. அதிர்வு கையில் ஏறி, பல்லில் ஏறி, மெல்லக் குறைந்து நின்றது. தகடு அசையவில்லை. அவள் இக்கரை சேர்ந்துவிட்டாள் என்று அண்ணா இரண்டு முறை கத்திச் சொன்ன பிறகும் நான் கையை எடுக்காமல் இருந்தேன்.