கறிவேப்பிலை போட்ட துப்பாக்கி

இர்விங்கில் எங்கள் அப்பார்ட்மென்ட்டின் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் திருமூர்த்தி அண்ணனுக்கு க்ரீன் கார்டு வந்த மூன்றாவது வாரமே துப்பாக்கியும் வந்தது. கரப்பான் பூச்சியைக் கண்டால் மனைவி சாரதாவைக் கூப்பிடுகிற மனிதர். நானும் அவரும் வேலை பார்க்கும் ஆபீஸின் மேனேஜர் டக், நவம்பரில் மான் வேட்டைக்கு வருகிறாயா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டார். அவ்வளவுதான். பதினோரு வருஷமாக ஆபீஸில் லஞ்சுக்குக்கூட யாரும் கூப்பிடாதவர், டக்கின் வேட்டைக் கூட்டத்தில் நிரந்தரமாக ஓர் இடம் பிடித்துவிடுவதென்று முடிவுகட்டினார்.

துப்பாக்கி கறுப்பாக இருந்தால் மான் பார்த்துவிடுமாம். இலைதழை மாதிரி பெயின்ட் அடிக்க வேண்டுமாம். வீடியோவில் எவனோ புல்லை மேலே வைத்து, அதன் அச்சு விழும்படி ஸ்ப்ரே அடித்தான். புல் தேடிப் போக இவருக்குச் சோம்பல். சாரதா அக்கா நான்கு குளிர்காலம் வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றிய செடியிலிருந்து எட்டுக் கொத்து கறிவேப்பிலையை ஒடித்துவிட்டார்.

“ஏனுங்க, செடிய மொட்டையடிச்சுட்டீங்களே!”

“டக்கு கூப்பிட்டிருக்காரு சாரதா, சும்மாவா?”

“டக்கு வந்து ரசம் வெச்சுக் குடுப்பாரா?”

வாசலில் அட்டை விரித்து, துப்பாக்கியைக் கிடத்தி, கறிவேப்பிலையைப் பரப்பி, உஸ்ஸென்று பச்சை அடித்தார். எங்கள் குடும்பத்தின் முதல் டிகிரி என்னுடையது. படித்துப் பார்க்காமல் எதிலும் கை வைக்க மாட்டேன். பக்கத்தில் நின்று ஸ்ப்ரே டப்பாவில் இருந்ததைப் படித்தேன்.

“அண்ணா, அசையற பார்ட்ல டேப் ஒட்டணுமாம். அந்த சேஃப்டி பொத்தான்...”

“தம்பி, நான் பி.இ. மெக்கானிக்கல்.”

அதில் ஏழு அரியர் என்று அக்காவே சொல்லியிருக்கிறார்.

வேட்டைக்கு நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். டக்கின் துப்பாக்கியில் ஒரு சொட்டு பெயின்ட் இல்லை. அவர் இவருடையதை வாங்கி, இது என்ன இலை என்று கேட்டார்.

“கறி லீஃப்!” பெருமை வேறு.

டக் சிரித்துக்கொண்டே சேஃப்டியைத் தள்ளினார். தவறிச் சுடாமல் தடுக்கிற பொத்தான் அது. அசையவில்லை. பெயின்ட் இடுக்கில் இறங்கிக் கல்லாகியிருந்தது. சிரிப்பு நின்றது. இதைத் தூக்கிக்கொண்டு யாரும் என் பின்னால் நடக்கக் கூடாது என்று சொல்லி, துப்பாக்கியைத் தன் டிரக்கில் வைத்துப் பூட்டினார். பிறகு, முட்டை பொரிக்கத் தெரியுமா என்று கேட்டார்.

பொரித்தார். பன்னிரண்டு முட்டை. பாத்திரமும் கழுவி வைத்தார்.

பத்து மணிக்கு, டக் சுட்ட மானை இழுத்து வந்து போட்டார்கள். திருமூர்த்தி அண்ணன் ஓடிப்போய்க் கொம்பைப் பிடித்துக்கொண்டு மண்டி போட்டார்.

“தம்பி, போட்டோ எடு. ஆபீஸ் குரூப்ல போடணும். என் துப்பாக்கிய மட்டும் டக்குகிட்டக் கேட்டு வாங்கிக் குடேன்.”

“நீங்களே கேளுங்கண்ணா.”

டக் பக்கம் ஒருமுறை பார்த்தார். கேட்கவில்லை. வெறுங்கையோடு பல்லைக் காட்டினார். எடுத்தேன்.

அடுத்த நவம்பரில், எதற்கும் இருக்கட்டுமென்று வேட்டைக்காக வெள்ளிக்கிழமை லீவு போட்டு வைத்திருந்தார். வியாழன் சாயங்காலம் வரை டக் கூப்பிடவில்லை. லீவைக் கேன்சல் பண்ணிவிட்டு, மறுநாள் எட்டரைக்கே வந்து சீட்டில் உட்கார்ந்திருந்தார்.