“அப்படி யாரும் இங்க இல்லீங்களே!”

எனக்குக் கோபம் வந்தால் முதலில் வாய்தான் போகும், யோசனை பின்னால்தான் வரும். தாசில்தார் அலுவலகத்திலிருந்து அந்தக் கடிதம் வந்த அன்றும் அப்படித்தான் ஆனது. மனுதாரர் மேற்படி கிராமத்தில் வசிக்கவில்லை என்று விசாரணையில் தெரிய வருவதால், ஆதரவற்ற விதவை உதவித்தொகை கோரும் மனு நிராகரிக்கப்படுகிறதாம். அடுப்பில் உலை கொதிப்பதையும் மறந்து தெருவில் நின்று கத்தினேன். வசிக்கவில்லையாமே! அப்படியானால் எதிர் வீட்டு வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிற மனுஷி யாராம்?

அந்த மனுஷி என் வீட்டுக்காரருக்குச் சித்தி. நான் சின்னத்தை என்று கூப்பிடுவேன். நான் அந்த ஊருக்கு வாழ வந்தபோதே அவர் தனிக்கட்டை. மாமா எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தார், பிள்ளை குட்டி கிடையாது. குறுவை, சம்பா இரண்டிலும் நடவுக்கு முதல் ஆளாக இறங்கி, வரப்பேறும் வரை வாய் ஓயாமல் எல்லாரையும் கேலி செய்துகொண்டே நடுவார். முழங்கால் இரண்டும் வீங்கி, சேற்றில் இறங்கினால் ஏற முடியாது என்று ஆன வருஷத்திலிருந்து கூலி நின்றுபோனது.

நான் அப்போது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். ஒரு நாள் மிஞ்சிய சோற்றைக் கிண்ணத்தில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வந்ததே கோபம்! “புள்ளைங்க சோத்த எனக்கு எடுத்தாறியா? போடி, நான் அப்பவே சாப்பிட்டுட்டேன்” என்றார். அடுப்பு சில்லென்று கிடந்தது எனக்குத் தெரியாதா? என் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டாலும் அதே பதில்தான். நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய தம்பி, குடிசையைப் பூட்டிவிட்டு வந்துவிடு என்று ஆள் மேல் ஆள் விட்டுக்கொண்டிருந்தார். “தம்பி பொண்டாட்டி தட்டுல போடுற வரைக்கும் பாத்துகிட்டு இருக்கணும். அதுக்கு இந்த வாய்க்கால்ல விழுந்துடலாம்” என்பார் சின்னத்தை. உதவித்தொகை கிடைத்தால் தன் அடுப்பில் தன் உலை, இல்லாவிட்டால் ஆடி முடிந்ததும் தம்பி வீடு. அதற்காகத்தான் மனு எழுதிக் கொடுத்திருந்தேன்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே கிராம நிர்வாக அலுவலரிடம் போனேன். பரம்பரைக் கணக்குப்பிள்ளைகளையெல்லாம் அரசாங்கம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பரீட்சை எழுதித் தேறியவர்களைப் போட்டிருந்த சமயம் அது. எங்களுக்கு வந்தவர் வெளியூர்க்காரர், சின்ன வயசு. நான் போட்ட சத்தம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“நான் நேர்லயே வந்தேங்க. ஆறேழு பேரக் கேட்டேன். எல்லாரும் ஒரே மாதிரி, அப்படி யாரும் இங்க இல்லீங்கன்னு சொல்லிட்டாங்க. நான் என்ன எழுதட்டும்?”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. வந்த கோபம் அப்படியே தெருப் பக்கம் திரும்பியது.

எங்கள் தெரு கூலிக்காரத் தெரு. கூலி உயர்வு கேட்டும் குடியிருப்பு மனை கேட்டும் சண்டை நடந்த காலத்தில் போலீஸ் வராத வாரம் கிடையாது என்பார்கள். யார் பெயரைச் சொல்லிக் கேட்டாலும், தெருமுனையிலிருந்து கோயில் வரைக்கும் ஒரே பதில்: அப்படி யாரும் இங்க இல்லீங்க. கேட்டது கட்டிய புருஷனைப் பற்றியே இருந்தாலும் அதுதான் பதில். சண்டை ஓய்ந்து, மனைப்பட்டா வந்து, ஆட்சி மாறி, மறுபடியும் மாறி, எல்லாம் ஆகியும் அந்தப் பதில் மட்டும் மாறவில்லை. நான் வாழ வந்த புதிதில் எனக்கும் அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார்கள்.

“பேண்ட் போட்டுகிட்டு, நோட்டும் கையுமா வந்து பேரச் சொல்லிக் கேட்டா யாருன்னு நெனைக்கிறது? நாங்க காட்டிக்குடுத்துருவமா?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. பெருமை வேறு!

“நல்லாக் காப்பாத்துனீங்க! அது வாயில மண்ணப் போட்டுட்டீங்களே, வெளங்குமா?” என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். அப்புறம்தான் அவர்களுக்கு விஷயம் உறைத்தது. ஒருத்தி அழுதே விட்டாள். சின்னத்தை மட்டும் முறத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. வருத்தத்தில் இருக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு எழுதினேன். சின்னத்தை எங்கள் தெருவில்தான் இருக்கிறார் என்று ஏழு பெண்கள் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். ரேஷன் கார்டு இருந்திருந்தால் அதைக் காட்டியிருக்கலாம். பழைய கார்டு வெள்ளத்தில் போனது போனதுதான், புதிதுக்கு எழுதிப்போட்டு வரவே இல்லை.

விசாரணை நாளன்று குடவாசல் வந்து பஸ் மாறிப் போனோம். சின்னத்தை வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரைக்கூட வம்புக்கு இழுக்கிற ஆள்!

கோட்டாட்சியர் நரைத்த மனிதர். கிராம நிர்வாக அலுவலரும் வரச் சொல்லி வந்து நின்றார். கோட்டாட்சியர் என் மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“அன்னைக்கு இல்லைன்னு சொன்னவங்களே இன்னைக்கு இருக்காங்கன்னு கைநாட்டு வச்சிருக்காங்க. நான் எதம்மா நம்புறது?”

நாங்கள் பொய்தான் சொன்னோம், ஆனால் அந்தப் பொய் வேறு பொய் என்று எப்படிச் சொல்வது? அப்போது கிராம நிர்வாக அலுவலர் சின்னத்தையை உற்று உற்றுப் பார்த்துவிட்டு, “சார், இந்த அம்மாதான் சார்!” என்றார்.

“இந்த அம்மா என்ன?”

“இவங்களையும் கேட்டேன் சார். வாசல்ல உக்காந்து கீரை ஆஞ்சுகிட்டு இருந்தாங்க. அப்படி யாரும் இங்க இல்லீங்களே தம்பின்னு இவங்களே சொன்னாங்க!”

அடப்பாவி மனுஷி! எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அங்கேயே பிடித்து உலுக்கியிருப்பேன். அலுவலர் நிறுத்தவில்லை. “சொல்லிட்டு, வெயில்ல வந்திருக்கீங்களேன்னு உள்ள போயி ஒரு சொம்பு தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க. குடிச்சுட்டுத்தான் வந்தேன்.”

எங்கள் தெருவில் அந்த நாளில் அதிகாரி என்று வந்த எவரும் தண்ணீர் வாங்கிக் குடித்து நான் பார்த்ததில்லை. அந்தப் பையன் மேல் மிச்சமிருந்த கோபமும் அதோடு போய்விட்டது.

கோட்டாட்சியர் சிரித்தார். “ஏன்யா, அடுத்தவங்க வீட்டுக்குள்ள போயி யாரு தண்ணி மோந்து குடுப்பா? இருந்தவங்க வீட்டு வாசல்லயே நின்னு, இல்லைன்னு எழுதிட்டு வந்திருக்க.” பிறகு சின்னத்தை பக்கம் திரும்பினார். “உட்காருங்கம்மா. உங்களுக்குத்தான பணம் வருது, நீங்களே ஏன் அப்படிச் சொன்னீங்க?”

சின்னத்தை நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். சேலை முனையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“ஒரே ஒரு தடவ உள்ளதச் சொன்னேங்க,” என்றார். “கலியாணமாகி வந்த வருஷம். இவரு மாதிரியேதான் ஒருத்தரு வந்தாரு. நல்லபடியாத்தான் கேட்டாரு, வீட்டுக்காரரு இருக்காராம்மான்னு. எனக்கு என்ன தெரியும்? உள்ள படுத்திருக்காருங்கன்னு சொல்லிட்டேன். தூக்கத்துலயே இழுத்துட்டுப் போயிட்டாங்க. அறுப்புக்கு அப்புறம்தான் விட்டாங்க. வந்தவரு நெஞ்சப் புடிச்சுகிட்டே கெடந்தாரு, எந்திரிக்கவே இல்ல. போற வரைக்கும் என்னை ஒரு வார்த்த கேக்கலைங்க.”

இத்தனை வருஷம் எதிர் வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியாது. சற்று முன் அவரை மனதுக்குள் திட்டிய என்னை எதால் அடிப்பது?

கோட்டாட்சியர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு காகிதத்தை முன்னால் இழுத்துவைத்து, “உங்க வாக்குமூலம் வேணும்மா. நான் கேக்குறேன், நீங்க சொல்லுங்க. அந்த வீட்டுல யாரு இருக்கா?” என்றார்.

சின்னத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொல்லப் போனேன். “நீங்க இல்லம்மா, அவங்கதான் சொல்லணும்” என்று கோட்டாட்சியர் கை காட்டினார். சின்னத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார், வளையல் சதையில் பதிந்து வலித்தது. அவர் கண் கோட்டாட்சியரைப் பார்க்கவில்லை, எழுதக் காத்திருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தது.

“அவரு இல்லீங்க,” என்றார். “அவர இனிமே யாரும் கூட்டிட்டுப் போவ முடியாது. நான் மட்டுந்தாங்க இருக்கேன்.”

கோட்டாட்சியர் அதை எழுதிக்கொண்டு, உதவித்தொகை உண்டு, உத்தரவு வீட்டுக்கு வரும் என்றார். சின்னத்தை என் கையை விடவில்லை.