சொந்தம் என்று எழுதிய தாள்கள்

மகனுக்குக் காது கேட்கவில்லை என்பது உறுதியானபோது அவனுக்கு இரண்டு வயது. அடுத்த பிள்ளை உண்டாகி எனக்கு மூன்று மாதம். என் கணவர் என் அம்மாவின் தம்பி. அதனால்தான் இப்படி ஆனதா, வயிற்றில் இருப்பதும் இப்படித்தான் பிறக்குமா என்று கேட்க எனக்கு ஆள் இல்லை. அம்மாவிடம் கேட்டால் அவள் தம்பியைக் குறை சொன்னதாகும். அவரிடம் கேட்டால் நான் வேறு யாரையோ கட்டியிருக்கலாம் என்று சொன்னதாகும்.

அந்த வருஷம் மதுரையிலிருந்து ஒரு டாக்டரம்மா சனிக்கிழமைதோறும் திண்டுக்கல்லுக்கு வந்து, காது கேளாத பிள்ளைகளின் தாய்மார்களிடம் கேட்டு விவரம் எழுதினார். ஒவ்வொருத்திக்கும் இணையாக, அதே தெருவில், அதே வயதில், நன்றாகக் காது கேட்கும் பிள்ளையைப் பெற்ற ஒருத்தியிடமும் அதே கேள்விகள். சொந்தத்தில் கட்டியவர்கள் எந்தப் பக்கம் அதிகம் என்று பார்ப்பது அவர் எண்ணம். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். தாள்களைப் படியெடுத்துத் தருகிறேன் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம், சொந்தத்தில் கட்டியதைக் குற்றம் சொல்ல முடியாது போலிருக்கிறது என்றார் டாக்டரம்மா ஒரு சனிக்கிழமை. வரும் வழியில் சிறுமலைப் பழம் ஒரு சீப்பு வாங்கினேன். அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கியது.

எதிர்வீட்டு அக்காவின் தாளும் அதில் இருந்தது. அவள் பிள்ளைகளுக்குக் குறை ஒன்றும் இல்லை. ‘சொந்தம்’ என்று எழுதியிருந்தது. குழாயடியில் பேச்சோடு பேச்சாக, வீட்டுக்காரர் எந்த வழியில் சொந்தம் என்று கேட்டேன்.

“எந்த வழியா? நம்ம ஆளுகதான். வேத்து சாதிக்கா எங்கப்பன் குடுப்பாரு?”

கல்யாணத்துக்கு முந்தி மாமியார் உனக்கு என்ன முறை என்றேன்.

“ஒரு முறையும் இல்ல. அவுக வேடசந்தூர்ப் பக்கம். பரிசம் போட வந்த அன்னைக்குத்தான் அந்த மொகத்தையே பாத்தேன். பாக்காமலே இருந்திருக்கலாம்.”

குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைக்குக் காது கேளாத நாங்கள் எந்நேரமும் அதையே நினைத்துக்கொண்டிருந்தவர்கள்; அத்தை மகன், தாய்மாமன் என்று வழி சொல்லி எழுத வைத்தோம். காது கேட்கும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் சாதியை நினைத்து ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சமமாக வந்தது அதனால்தான்.

ஒருத்தி செய்த தவறு என்று இருந்துவிடலாமா என்று பார்த்தேன். இன்னும் இரண்டு பேரைக் கேட்டேன். அவர்களும் அப்படியே. நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு சனிக்கிழமை சொல்லாமலே திரும்பி வந்தேன். அடுத்த சனிக்கிழமை சொன்னேன்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. இன்னொரு வழி இருக்கிறது என்றார்: ஒரே வீட்டில் காது கேட்கும் பிள்ளைக்கும் கேளாத பிள்ளைக்கும் ரத்தம் எடுத்து ஒப்பிடுவது. அதில் வார்த்தை குறுக்கே வராது. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது, யோசிக்கும் வரை. இரண்டு பிள்ளைக்கும் பெற்றவர்கள் ஒன்றுதானே, அப்படிப் பார்த்தால் கல்யாணத்தால் வந்ததா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். தெரியாதுதான் என்றார். அப்படியானால் எல்லாரையும் திரும்பக் கேட்க வேண்டும்.

இந்த முறை ‘சொந்தமா’ என்ற கேள்வி இல்லை. கல்யாணத்துக்கு முன் மாமியார் உங்களுக்கு என்ன உறவு என்ற கேள்வி. வீடு வீடாக நானும் போனேன். என் தாளுக்கு மட்டும் எதிரே உட்கார்ந்து கேட்க யாரும் இல்லை. ‘என் அம்மாவைப் பெற்றவர்’ என்று நானே எழுதினேன்.

இரண்டு பக்கமும் இப்போது சமமாக இல்லை; சொந்தத்தில் கட்டியவர்கள் எங்கள் பக்கம்தான் அதிகம். அதைக் கேட்டபோது எனக்கு ஏழாம் மாதம். இது ஊரைப் பற்றிச் சொல்லுமே தவிர, ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லாது என்றார் டாக்டரம்மா. அது எனக்கும் புரிந்தது. புரிந்ததைக் கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

வீட்டில் என் கணவர் மகனுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா என்ன சொன்னார் என்று கேட்டார்.

“இன்னும் எழுதி முடியல, மாமா” என்றேன்.