செஞ்சி வாசலில் தேனீக்கள்

சேலையூரில் ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திரம் நடத்திய ஜெயசீலிக்கு, தலைமையாசிரியையின் அறைக்குள் போனாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவள் 1991-இல் விடாமல் நச்சரித்து, ஒன்பதாம் வகுப்பைச் செஞ்சிக்கோட்டைக்கு அழைத்துப்போக அனுமதி வாங்கிவிட்டாள்.

"பொண்ணுங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு, மிஸ்" என்றார் தலைமையாசிரியை.

தாம்பரத்திலிருந்து டிரைவர் மாரியின் வேனில் போனார்கள். கோட்டை மதிலுக்குள் ஒரு காலத்தில் பெரிய நகரமே இருந்தது. அதற்குள் போகிற கிழக்கு வாசலில் வழி நேராகப் போகாது, வளைந்து திரும்பும். திருப்பத்தில் காவலர் அறை.

"குதிரையில பாஞ்சு வர்றவனும் இங்க நின்னு திரும்பணும். அப்ப மேலேர்ந்து தாக்குவாங்க. அப்படியும் 1750-ல பிரெஞ்சுக்காரங்க வெடி வெச்சுக் கதவைப் பொளந்து உள்ள வந்துட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள் ஜெயசீலி.

மதில்மேல் ஏறியிருந்த யாரோ சிலர் சிரித்தார்கள். வாசல் வளைவின் அடியில் தொங்கிய தேனடையில் அவர்கள் எறிந்த கல் ஒன்று பட்டது.

"மேடம், உள்ள போங்க! தேனீ கெளம்பிக்கினு வருது!" என்று வேனருகிலிருந்து மாரி கத்தினான்.

பெண்களைக் காவலர் அறைக்குள் தள்ளினாள் ஜெயசீலி. "தாவணியால முகத்த மூடுங்க. கையைக் காலை ஆட்டாதீங்க." இருட்டில் தலைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டே போனாள். ஒரு தலை குறைந்தது.

"மிஸ், காந்திமதி வெளிய இருக்கா!"

எட்டிப் பார்த்தாள். செருப்பு வார் அறுந்து பின்தங்கிய காந்திமதி, சுவரோரம் சுருண்டு அலறிக்கொண்டிருந்தாள். அவள்மேல் தேனீக்கள் கறுப்பாக மொய்த்தன. ஜெயசீலிக்குக் கால் நகரவில்லை. ஒரு நிமிஷம் நகரவேயில்லை. பிறகு முந்தானையைத் தலையோடு சுற்றிக்கொண்டு ஓடினாள். பெண்ணைத் தன் உடம்புக்கு அடியில் போட்டுக் குனிந்தபடியே இழுத்து வந்தாள். கழுத்திலும் காதிலும் உதட்டிலும் நெருப்பாய்க் கொட்டின.

மாரி காய்ந்த புல்லைக் கொளுத்திப் புகை போட்டு வேனை வாசலுக்கே கொண்டுவந்தான். ஆஸ்பத்திரியில் காந்திமதிக்கு மூச்சு இழுத்தது. ஊசி போட்டும் கண் திறக்கவில்லை. தன் காயத்துக்கு மருந்து போட விடாமல் ஜெயசீலி கட்டிலருகில் ஜெபித்துக்கொண்டே நின்றாள். பொழுது சாயும்போது காந்திமதி தண்ணீர் கேட்டாள்.

திங்கட்கிழமை காந்திமதியின் அப்பா குப்பன் பள்ளிக்கரணையிலிருந்து வந்து பள்ளி வாசலில் நின்றார்.

"இன்னா நெனச்சுக்கினு எம் பொண்ண அங்க இட்டுக்கினு போனீங்க, டீச்சர்?"

ஜெயசீலி அவர் முன்னால் வந்து நின்றாள். உதடும் காதும் வீங்கியிருந்தன. குப்பன் அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீங்கதான் இஸ்துக்கினு வந்தீங்கன்னு பாப்பா சொல்லிச்சு. நீங்க மொதல்ல வூட்டுக்குப் போய்ப் படுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தலைமையாசிரியை சுற்றுலாக்களை அடியோடு நிறுத்திவிட்டார். ஜெயசீலி வாதாடவில்லை. ஆனால் மூன்று வருஷம் கழித்து, கணவர் ஐசக்கோடு செஞ்சிக்கு பஸ் ஏறினாள். வளைவில் மறுபடியும் அடை தொங்கியது.

"வேணாம்னா திரும்பிடலாம், ஜெயா" என்றார் ஐசக்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சத்தமில்லாமல் வாசலுக்குள் நடந்தாள். மொகலாயர்கள் கோட்டையை வருஷக்கணக்காக முற்றுகையிட்ட கதையை, காதோடு காதாக, அவருக்குச் சொல்ல ஆரம்பித்தாள்.