சவுண்டு அட்டையும் அஞ்சு பேரும்

சத்தம் போடும் சாமானை விற்பது சுலபம், அதுவே கூவி ஆளைக் கூப்பிட்டுவிடும். சத்தத்தை விழுங்கும் சாமானை விற்பவன்தான் தொண்டை வற்றக் கத்த வேண்டும். எண்பதுகளின் நடுவில், தருமபுரியில் ஒரு பிளைவுட் கடையில், நான் அந்தச் சாமானைத்தான் விற்றேன். ஊருக்கு நாலு பேர் கலர் டி.வி.யும் வீடியோ டெக்கும் வாங்கி, வீட்டிலேயே ஒரு சின்ன தியேட்டர் வைத்துக்கொள்ள ஆசைப்பட ஆரம்பித்திருந்த காலம். அந்த அறைகளில் எதிரொலியைக் குறைக்கச் சுவரிலும் கூரையிலும் அடிக்கிற அட்டைக்கு எங்கள் கடையில் சவுண்டு அட்டை என்று பெயர்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். பி.எஸ்சி. இயற்பியல். படிப்பு ஒரு பக்கமும் வேலை ஒரு பக்கமும் இழுக்க நடுவில் நின்று முழிக்கிறவர்கள் உங்களிலும் இருப்பார்கள். அவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். ஒன்றை முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: முதல் சம்பவம் நான் பார்த்ததல்ல, கேட்டது.

ஓசி டிக்கெட்

சொன்னவர் எங்கள் கடைத் தச்சர் சவரி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். என்னை "பி.எஸ்சி. சார்" என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று கடைசிவரை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பொம்மிடிப் பக்கம் ஒரு தியேட்டராம். கூட்டம் நிறைந்த நாளில் வசனம் கணீரென்று கேட்குமாம். கூட்டம் இல்லாத நாளில் கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி ஒரே முழக்கமாம். மேனேஜர் யோசித்துப் பார்த்துவிட்டு, காற்றாடுகிற நாளில் தெருவில் போகிறவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்து ஓசியில் உட்கார வைப்பாராம். நான் சிரித்தேன். தியேட்டர் கூரைக்கு இன்ன அட்டை, சுவருக்கு இன்ன அட்டை என்று சூத்திரம் இருக்கிறது, இப்படியெல்லாம் செய்ய மாட்டார்கள் என்று விளக்கினேன். சவரி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார்: "சூத்திரம் தெரியாதவரு சார் அவரு. அதான் ஓசி டிக்கெட்டோட முடிச்சுக்கிட்டாரு."

காபி வந்த விதம்

முதலாளி என்னை வேலைக்கு எடுத்ததற்கு ஒரே காரணம், பட்டத்தில் இயற்பியல் என்று இருந்ததுதான். "சத்தம் அதுலதான வருது?" என்று கேட்டார். வருகிறது என்றேன். மூன்று மாதம் பார்ப்பேன், சரியாக இருந்தால் நிரந்தரம் என்றார். அந்த 'இருந்தால்' எனக்கு மட்டும்தான் கேட்டது. எங்கள் அப்பா பொம்மிடியை அடுத்து ஒன்றரை ஏக்கரில் மரவள்ளி போடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வருகிறவர்களிடமெல்லாம், மகன் தருமபுரியில் சவுண்டு என்ஜினீயர் என்று சொல்லி முடித்துவிட்டார்.

என்ஜினீயரின் கருவி இரண்டு கைகள். காலி அறையில் நின்று ஒரு தட்டு தட்டி, சத்தம் அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். முதல் முதலாக ஒரு டாக்டர் வீட்டுக்குப் போனேன். அறை நடுவில் நின்று கை தட்டினேன். சமையல்கார அம்மா காபி கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார். குடித்தேன். மூலையில் போய் இன்னொரு தடவை தட்டினேன். அந்த அம்மா மறுபடியும் வந்தார், கையில் டம்ளர் இல்லாமல். "தம்பி, இன்னொரு காபி வேணும்னா வாயத் தொறந்து கேளுங்க. கை தட்டிக் கூப்புடற வூடு இது இல்லீங்க."

ஸ்டாக்கில் இருப்பது

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வீடு கட்டிக் குடியேறிய ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் கடைக்கு வந்தார். நாள் முழுக்க ஹாரன். விடைத்தாள் திருத்த முடியவில்லை, கோபத்தில் மார்க்கைக் குறைத்துப் போட்டுவிடுகிறேன் என்றார். நாலு சுவருக்கும் அட்டை கேட்டார். முதலாளி அளவு நாடாவை எடுத்தே விட்டார்.

என்னால் வாயை அடக்க முடியவில்லை. "சார், இது வெளிச் சத்தத்தைத் தடுக்காதுங்க. அறைக்குள்ள இருக்கற சத்தம் சுவத்துல மோதித் திரும்பி வர்றதத்தான் குறைக்கும். ஹாரன் வந்துகிட்டேதான் இருக்கும். ஜன்னலுக்குக் கனமா கதவு போட்டுப் பாருங்க" என்றேன். முதலாளி நாடாவைச் சுருட்டிய சத்தம் எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. ஆசிரியர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது முதலாளியிடம் சொன்னார்: "உங்க கடையில உண்மை நெறைய ஸ்டாக் இருக்குதுங்க. அட்டைதான் விக்கக் காணோம்."

ஓட்டையில் என்ன இருக்கிறது

இரண்டரை மாதம் ஓடியிருந்தது. அப்போதுதான் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து மாதையன் வந்தார். கரும்பும் மஞ்சளும் போடுகிற பெரிய விவசாயி. புது மாடி வீடு கட்டி, அதில் படம் பார்க்கவே ஒரு தனி அறை. வீட்டுக் கதவு, அலமாரி எல்லாவற்றுக்கும் எங்கள் கடையில்தான் பலகை எடுத்திருந்தார். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாதையன் நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னா நீ நம்ம கடை ஆளு. சொல்லலைன்னா உங்க அப்பாவுக்கு நானே லெட்டர் எழுதிப் போட்டுடறேன்" என்றார்.

சவரியும் நானும் பஸ் ஏறிப் போனோம். மொசைக் தரை, கான்கிரீட் கூரை, வழவழவென்று பூசிய சுவர். தும்மினால் நாலு தும்மலாகத் திரும்பி வந்தது. நீளம், அகலம், உயரம் அளந்தேன். எத்தனை நாற்காலிக்கு இடம் விடுவது என்று தெரிய, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். "அஞ்சு பேரு" என்றார் மாதையன். நோட்டில் ஐந்து என்று எழுதி வட்டம் போட்டேன். கணக்கை மூன்று தடவை சரிபார்த்தேன். கூரை முழுக்க, சுவர் முக்கால்வாசி என்று வந்தது.

பிறகு மாதிரி அட்டைகளைத் தரையில் பரப்பினேன். அவர் மனைவி முனியம்மா நிறத்தைப் பார்க்கவே இல்லை. ஓட்டை போட்ட அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, இதில் மூட்டைப்பூச்சி குடியிருக்குமா, பல்லி முட்டை வைக்குமா என்று கேட்டார். பூச்சிக்கு மருந்து அடித்திருக்கிறது, பல்லிக்கு ஓட்டை பத்தாது என்றேன். ஓட்டை இல்லாத அட்டையைவிட ஓட்டை போட்டது விலை கூடுதல் என்று நான் சொன்னதும் மாதையன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏம்ப்பா தம்பி, ஓட்டை போட்டா அட்டை கொறையத்தான செய்யும்? அப்புறம் எதுக்கு வெலை ஏறுது? ஓட்டைக்குள்ள என்னத்த வெச்சுக் குடுக்கறீங்க?"

மாதையன் டாக்கீஸ்

சவரி எட்டு நாளில் வேலையை முடித்தார். வீட்டார் ஐந்து பேரையும் உட்கார வைத்து டெக்கைப் போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு வார்த்தையும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி விழுந்தது. மாதையன் என் தோளைத் தட்டி, "ஞாயித்துக்கெழம மத்தியானம் மொதப் படம். மொதலாளியையும் கூட்டிட்டு வா, சாப்பாடு இங்கதான்" என்றார். அன்றைக்கு இரவு அப்பாவுக்கு இன்லேண்ட் லெட்டர் எழுதினேன். நல்லவேளை, தபாலில் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி, சவரி, நான் மூவரும் சாப்பிட்டு மாடியேறினோம். ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சம்பந்தி வீட்டார். பிறகு களத்து ஆட்கள் குடும்பத்தோடு. கோயில் பூசாரி. பால்காரர். வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய இரண்டு பேர், யார் வீடு என்றே தெரியாமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அறுபத்திரண்டு வரை எண்ணினேன். அதற்கு மேல் மடியில் இருந்த குழந்தைகளை எண்ணுவதா வேண்டாமா என்று குழம்பி விட்டுவிட்டேன்.

படம் ஓடியது. உதடு அசைந்தது. சத்தம் மட்டும் எங்கேயோ பஞ்சு மூட்டைக்குள்ளிருந்து வந்தது. மாதையன் எழுந்து டி.வி.யின் சத்தத் திருகை முழுசாகத் திருப்பினார். சத்தம் கொஞ்சம் கூடியதே தவிர வார்த்தை எட்டவில்லை. கடைசி வரிசையிலிருந்து பூசாரி எழுந்து நின்று கேட்டார்: "ஏம்ப்பா மாதையா, இன்னைக்குப் பாக்கறதுக்கு மட்டுந்தான் கூப்புட்டியா? கேக்கறதுக்கு இன்னொரு நாளு வரணுமா?"

கரண்ட் போனது

முதலாளி என் காதருகில் குனிந்தார். "டி.வி. சரியில்லைன்னு சொல்லிடு. பெரிய ஸ்பீக்கர் பெட்டி வாங்கச் சொல்லு. அட்டை பேச்சையே எடுக்காத." நான் தலையாட்டினேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. எல்லோரும் புழுக்கம் தாங்காமல் வாசலுக்கு இறங்கினார்கள். நான் ஜன்னல் சாத்திய இருட்டில் டெக் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் முகம்தான் நினைவில் ஓடியது.

கால் மணி நேரத்தில் கரண்ட் வந்தது. பொத்தானை அழுத்தினேன். காலி அறையில் வசனம் அலறியது, ஆனால் ஒரு எழுத்துக்கூட உடையவில்லை. டி.வி. நன்றாகத்தான் இருந்தது. சத்தம் கேட்டு ஜனங்கள் ஒவ்வொருவராகப் படியேறி வந்தார்கள். பத்துப் பேர் உட்கார்ந்ததும் சத்தம் கொஞ்சம் இறங்கியது. முப்பது பேரில் இன்னும் இறங்கியது. யாரோ திருகைக் குறைத்துக்கொண்டே வருகிற மாதிரி. நான் சவரியைத் தேடினேன். அவர் வாசற்படியில் சாய்ந்து நின்று, ஓசி டிக்கெட் கிழிப்பதுபோல் விரலால் காட்டினார்.

எழுந்து மாதையன் முன்னால் போய் நின்றேன். "ஐயா, டி.வி. மேல தப்பு இல்லீங்க. உட்கார்ற ஆளுங்களே சத்தத்தை இழுத்துக்குவாங்க. அஞ்சு பேருதானேன்னு ஆளைக் கணக்குலயே எடுக்காம அட்டையை அதிகமா அடிச்சுட்டேன். தப்பு என்னோடது. சுவத்துல இருக்கறதை எடுத்துடணும்." முதலாளி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மெதுவாகச் சேர்த்துக்கொண்டேன்: "நீங்க அஞ்சு பேருன்னுதானுங்களே சொன்னீங்க?" மாதையனுக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. "வூட்டுல எத்தன பேருன்னு கேட்ட, சொன்னேன். படம் பாக்க எத்தன பேரு வருவாங்கன்னு நீ கேக்கவே இல்லியேப்பா?"

எடுத்த அட்டை

சவரி உளியை எடுத்தார். பூசாரியும் பால்காரரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடிக்க, அரை மணியில் மூன்று சுவர் வெறுஞ்சுவராயின. அறுபது பேரும் மறுபடியும் உட்கார்ந்தார்கள். படத்தை முதலிலிருந்து போட்டோம். கடைசி வரிசையில் பூசாரி கையைத் தூக்கி, கேட்கிறது என்று காட்டினார். அந்தக் கையைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சு வந்தது.

இடைவேளையில் முதலாளி, அடுக்கி வைத்த அட்டைகளைக் கவலையோடு பார்த்தார். ஆணி அடித்த அட்டையை யார் தலையில் கட்டுவது? முனியம்மா வந்து, "அதயெல்லாம் கீழ எங்க படுக்கற ரூம்ல அடிச்சுடுங்க" என்றார். "இவரு கொறட்ட விட்டா சுவரெல்லாம் சேந்து விடுது." மாதையன் யாரையும் பார்க்காமல் காபி டம்ளரையே பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார். வாயைத் திறக்காதே என்று கண்ணாலேயே கெஞ்சினார். நானும் எவ்வளவோ முயன்றேன். "அம்மா, பொய் சொல்லக் கூடாதுங்க. இந்த அட்டை குறட்டையை நிறுத்தாது. சுவத்துல மோதித் திரும்பி வர்றதைத்தான் குறைக்கும்" என்று சொல்லிவிட்டேன். முனியம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அது போதும் தம்பி. ஒரு கொறட்டைய ஒரு தடவ கேட்டாப் போதும் எனக்கு."

அன்று மாலை தருமபுரி பஸ்ஸில் அரூர்க்காரர் ஒருவரின் பூசணிக்காய் மூட்டை மேல் கால் வைத்துக்கொண்டு வந்த முதலாளி, வழியெல்லாம் தூங்கினார். இறங்கும்போதுதான், "நாளைக்கு ஒம்பதுக்கு வந்துடு. இனிமே எல்லா நாளும் ஒம்பதுதான்" என்றார். எனக்குத் தெரிந்து, அதற்குப் பிறகு மாதையன் வீட்டு அறையில் ஐந்து பேர் மட்டும் படம் பார்த்த நாள் இல்லை.

ஊருக்குப் போனபோது கல்லூரிப் பாடப்புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். எந்தப் பொருள் எவ்வளவு சத்தத்தை இழுக்கும் என்ற அட்டவணையில், எல்லா அட்டைகளுக்கும் கீழே, உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளுக்கும் தனி வரி இருந்தது. கணக்குப் போட்டால் ஒரு ஆள், இரண்டடிக்கு இரண்டடி சவுண்டு அட்டை ஏறக்குறைய இரண்டுக்குச் சமம். சூத்திரம் தெரியாத அந்தத் தியேட்டர் மேனேஜருக்குத் தெரிந்தது மூன்று வருடம் படித்த எனக்குத் தெரியாமல் போனதற்கான காரணமும் அந்த வரியின் ஓரத்திலேயே இருந்தது, என் கையெழுத்தில், பென்சிலால்: "தேர்வில் வராது."